முறமும் பொறியும்



செமாக்காவ் தீவின் குப்பை நிரப்பிடம் 1999-இல் செயல்படத் தொடங்கியது. 2035-ஆம் ஆண்டளவில் அது நிறைந்துவிடும் என மதிப்பிடப்பட்டுள்ளது. ஆதலின், மறுசுழற்சிப் பொறிகளை வடிவமைக்கும் இயந்திரப் பொறியாளரின் தேவை பெருகுகிறது. நம் மாணவருள் சிலர் நாளை அப்பணியை மேற்கொள்வர். அவர்கள் தமிழைப் பள்ளி வாயிலிலேயே விட்டுச் செல்ல வேண்டுமா என்பதே நாம் இன்று ஆராயும் வினா.

அப்பொறியாளரின் தலையாய பணி பிரித்தல். கலந்து வரும் பொருள்கள் எப்பண்பால் வேறுபடுகின்றன என்பதை அவர் முதலில் காண்கிறார். அளவால் வேறுபட்டால், துளையிட்ட பேருருளையில் இட்டுச் சுழற்றுகிறார். கனத்தால் வேறுபட்டால், காற்றைச் செலுத்துகிறார். அடர்த்தியால் வேறுபட்டால், நீரில் இடுகிறார். பெட் போத்தலின் துண்டுகள் மூழ்க, அதன் மூடியின் துண்டுகள் மிதக்கின்றன.

இம்மூன்றையும் நம் முன்னோர் சலித்தல், தூற்றுதல், அரித்தல் என வழங்கினர். முறத்தில் மேலெறிந்து உமி நீக்குவது புடைத்தல். பக்கவாட்டில் அசைத்துப் பிரிப்பது கொழித்தல். இவை ஒருபொருள் குறித்த பல சொற்கள் அல்ல. ஒவ்வொன்றும் தனித்ததொரு விசையையும் அசைவையும் சுட்டுகிறது. அவ்வகையில் இவை தொழில்நுட்பச் சொற்களே.

எனினும், பழஞ்சொற்களே போதும் என்று நாம் கூறவில்லை. அலுமினியக் கலன்களைப் பிரிக்கும் பொறியை நோக்குவோம். வார்ப்பட்டையின் முனை உருளைக்குள், காந்தங்கள் பொருத்திய சுழலி விரைந்து சுழல்கிறது. மாறும் காந்தப்புலம் அலுமினியத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அம்மின்னோட்டம் எதிர்ப்புலத்தை உண்டாக்க, கலன் முன்னோக்கி எறியப்படுகிறது; நெகிழி நேரே வீழ்கிறது. இங்கே ‘சுழல்’ என்னும் அடை மின்னோட்டத்திற்கு உரியது, உருளைக்கு உரியதன்று. இதனை விளக்காது சொல்லை மட்டும் மனனம் செய்வித்தால், மாணவர் பொறியையே பிழைபடப் புரிந்துகொள்வர்.

வரிசை முறையும் அறியத்தக்கது. இரும்பை முன்னரே காந்தத்தால் அகற்ற வேண்டும். இல்லையெனில் அது உருளையில் ஒட்டிச் சூடேறி அதனைச் சிதைக்கும். கம்பியும் நெகிழிப்பையும் தண்டுகளைச் சுற்றிக்கொள்ளும். கண்ணாடித் தூள் உலோகத்தைத் தேய்க்கும். ஆகவே, எளிதில் திறந்து தூய்மை செய்யவும் தேய்ந்த உறுப்பை மாற்றவும் ஏற்ற வடிவமைப்பே சிறந்தது.

பணியிடத்தில் ஆங்கிலச் சொற்கள் இன்றியமையாதவை. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ‘எதனை, எப்பண்பால், எவ்வரிசையில் பிரிக்கிறது?’ எனும் வினாவுக்குத் தமிழில் விடையளிக்கும் மாணவர், பொறியையும் மொழியையும் ஒருங்கே அறிந்தவராவார். ஆசிரியர்களே, அடுத்த வகுப்பில் ஒரு பொறியின் படத்தைத் தந்து, அதன் செயலை ஐந்து தொடர்களில் எழுதச் சொல்லுங்கள். புழங்காத சொல் பொருளை இழக்கும்; புழங்குவதற்கான வாய்ப்பை அளிப்பது நம் கடமை.