பேட்டரியை மட்டும் மாற்றினால் போதுமா?



ஆஸ்திரேலியாவில் பணி ஓய்வு பெற்ற பலருக்கு ஒரு வழக்கம் உண்டு. வீட்டைப் பூட்டிவிட்டு, மோட்டார்ஹோம் எனப்படும் வீட்டு வாகனத்தில் அந்தக் கண்டத்தையே சுற்றிவரக் கிளம்பிவிடுவார்கள். நரைத்த தலை நாடோடிகள் என்று அந்நாட்டவரே அவர்களைச் செல்லமாகச் சொல்கிறார்கள். படுக்கை, அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வண்டிக்குள்ளேயே இருக்கும். இங்கிருந்து விடுமுறைக்குச் சென்று அத்தகைய வண்டியை வாடகைக்கு எடுத்து ஓட்டி வந்த குடும்பங்களும் உண்டு.

அந்த வண்டியில் இரண்டு வகை பேட்டரிகள் இருக்கும். ஒன்று இன்ஜினை முடுக்குவதற்கு. மற்றொன்று வீட்டுப் பகுதிக்கு, அதாவது விளக்குக்கும் மின்விசிறிக்கும் குளிர்பதனப் பெட்டிக்கும். இந்த இரண்டாவது பேட்டரி நெடுங்காலமாக ஈய பேட்டரியாகவே இருந்து வந்தது. இப்போது அதை எடுத்துவிட்டு லித்தியம் பேட்டரியை வைப்பது பெரிதும் பரவிவிட்டது. காரணம் எளிது. 100 ஆம்பியர்-மணி என்று எழுதியிருக்கும் ஈய பேட்டரி ஏறத்தாழ 30 கிலோ எடை இருக்கும். அதில் பாதிக்கு மேல் அடிக்கடி பயன்படுத்தினால் அதன் ஆயுள் குறையும். அதே அளவு லித்தியம் பேட்டரி 12 கிலோ அளவில்தான் இருக்கும். அதில் 80, 90 விழுக்காடு வரை தாராளமாக எடுக்கலாம். சாதாரணக் கார் உரிமத்தில் 4.5 டன் வரைதான் ஓட்டலாம் என்ற நாட்டில், குறைகிற ஒவ்வொரு கிலோவும் கணக்குதான்.

லித்தியம் என்றதும் கைத்தொலைபேசி தீப்பிடித்த செய்திகள் சிலருக்கு நினைவுக்கு வரும். வண்டிகளில் பொதுவாக வைப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்ற வகை. அதில் பாஸ்பேட் ஆக்சிஜனை இறுகப் பிடித்துக்கொள்வதால், கோபால்ட் வகையைவிட வெப்பத்தைத் தாங்கும். அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குடினஃப் குழுவினர் 1997-இல் இதை உலகுக்கு அறிவித்தார்கள். குடினஃப் 2019-இல் நோபல் பரிசு பெற்றபோது, அவருக்குப் பதிலாக ஸ்டாக்ஹோமில் நோபல் உரையை நிகழ்த்தியவர் தமிழ்நாட்டில் பிறந்த பேராசிரியர் ஆறுமுகம் மந்திரம். 1980-களில் குடினஃபுடன் அவர் செய்த ஆய்வுகள்தான் இந்த வகைக்கு வழி திறந்தன. இது நம்மவர் பலருக்குத் தெரியாத செய்தி.

சரி, பழைய பேட்டரியைக் கழற்றி, அதே கம்பிகளைப் புதியதில் மாட்டிவிட்டால் வேலை முடிந்ததா? முடியவில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

வண்டி ஓடும்போது மின்சாரம் உண்டாக்குவது ஆல்டர்னேட்டர். ஈய பேட்டரி சோம்பேறி மாணவனைப் போன்றது. கொஞ்சம் நிறைந்ததுமே, போதும் போதும் என்று மின்சாரத்தைக் குறைத்துக்கொள்ளும். லித்தியம் அப்படியல்ல. அதன் உள்தடை மிகக் குறைவு. கொடுக்கக் கொடுக்க, ஏறக்குறைய நிறையும் வரை வாங்கிக்கொண்டே இருக்கும். ஆல்டர்னேட்டரோ மணிக்கணக்கில் முழு மூச்சாக உழைப்பதற்குச் செய்யப்பட்டதல்ல. வண்டி நின்றபடி இன்ஜின் மட்டும் ஓடும்போது அதன் விசிறியும் மெதுவாகச் சுற்றும், காற்றும் கிடைக்காது. நெதர்லாந்தின் விக்ட்ரான் நிறுவனம் வெளியிட்ட ஒரு சோதனைக் காணொளியில், குறைந்த வேகத்தில் சுழலும் ஆல்டர்னேட்டரை நேரடியாக லித்தியத்தோடு இணைத்தபோது அது சூடேறிப் புகைந்ததைக் காணலாம்.

இன்னொன்றும் உண்டு. லித்தியம் பேட்டரிக்குள் ஒரு காவல் மின்சுற்று இருக்கிறது. மின்னழுத்தம் எல்லை மீறினாலோ வெப்பம் மீறினாலோ அது சட்டென்று இணைப்பைத் துண்டித்துவிடும். அந்த நொடியில் ஆல்டர்னேட்டர் அனுப்பிக்கொண்டிருந்த மின்சாரத்துக்குப் போக்கிடம் இல்லாமல் மின்னழுத்தம் எகிறும், அதன் டையோடுகள் கருகலாம். நல்லார்பார் சமவெளியில் 146 கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூட இல்லாத சாலை இருக்கிறது. ஆல்டர்னேட்டர் போய்விட்டால் அங்கே உதவிக்கு எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டுமோ!

இங்கேதான் டிசி-டிசி சார்ஜர் வருகிறது. ஆல்டர்னேட்டருக்கும் வீட்டு பேட்டரிக்கும் நடுவில் நின்று, 30 ஆம்பியர் என்றால் 30 ஆம்பியர்தான் என்று அளந்து கொடுக்கிற கருவி அது. புதிய வண்டிகளில் எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தம் ஏறி இறங்கும். ஒரு நேரம் 12.5 வோல்ட்டுக்கும் கீழே, பிரேக் பிடிக்கும்போது 15 வோல்ட்டுக்கு அருகே என்று போகும். என்ன வந்தாலும் லித்தியத்துக்கு வேண்டிய 14.4 வோல்ட்டை ஒட்டியே இந்தக் கருவி வெளியே தரும். இத்தகைய வண்டியில், இன்ஜின் ஓடுகிறதா என்பதைச் சாவிக் கம்பியிலிருந்துதான் கருவிக்குத் தெரிவிக்க வேண்டும். மின்னழுத்தத்தைப் பார்த்துத் தானே தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டால் அது ஏமாந்துவிடும்.

எவ்வளவு பெரிய கருவி வேண்டும்? குளிர்பதனப் பெட்டியும் மற்றவையும் சேர்ந்து நாளுக்கு 60 ஆம்பியர்-மணி எடுத்தால், 30 ஆம்பியர் கருவிக்கு இரண்டு மணி நேர ஓட்டம் போதும். ஆல்டர்னேட்டரின் அளவில் பாதிக்கு மேல் போகாமலிருப்பதே விவேகம். முகப்பு விளக்கும் குளிரூட்டியும் அதே ஆல்டர்னேட்டரை நம்பித்தான் இருக்கின்றன.

பலர் தவறுவது பழைய ரிலேயில். ஈய பேட்டரிக் காலத்தில் இரண்டு பேட்டரிகளையும் இணைத்துவந்த அந்த ரிலேயைத் துண்டிக்காமல் கருவியைப் பொருத்தினால், கருவி கொடுக்கும் மின்சாரம் ரிலே வழியாகத் திரும்பி ஓடி, வட்டமடிக்கும். ஆனால், அதே ரிலே பெட்டியிலிருந்துதான் சில வண்டிகளில் குளிர்பதனப் பெட்டிக்கும் கம்பி போகிறது. அதைக் கண்டு தனியே வைத்துக்கொண்டு மற்றதை நீக்க வேண்டும்.

கம்பியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியக் கடையில் போய் "ஆறு" என்று கேட்டால் மூன்று பொருள் உண்டு. 6 சதுர மில்லிமீட்டர் கம்பி ஒன்று. 6 மில்லிமீட்டர் வாகனக் கம்பி என்பது மேலுறையையும் சேர்த்த குறுக்களவு, உள்ளே செம்பு 4.6 சதுர மில்லிமீட்டர்தான். 6 பி அண்டு எஸ் என்பதோ 13.5 சதுர மில்லிமீட்டர். கருவி 30 ஆம்பியர் கொடுக்க, உள்ளே 35 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். போக வர 12 மீட்டர் என்று வைத்தால், 6 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 1.2 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலைந்துபோகும். 16 சதுர மில்லிமீட்டரில் அது அரை வோல்ட்டுக்குள் அடங்கும். இந்தக் கம்பியின் இரு முனையிலும் பேட்டரி இருப்பதால் இரு முனையிலும், பேட்டரிக்கு மிக அருகிலேயே, ஃபியூஸ் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் போட்டால், கம்பி எங்காவது உரசித் தேய்ந்து உடலில் பட்டதும் மறுபக்கத்து பேட்டரி அதைச் சிவக்கக் காய்ச்சிவிடும்.

மின்நிலையத்தில் மாட்டும் சார்ஜர், கூரைமேல் உள்ள சூரியத் தகடு இவற்றின் அமைப்பையும் லித்தியத்துக்கு மாற்ற வேண்டும். ஈய பேட்டரிக்கென்று அவ்வப்போது மின்னழுத்தத்தை உயர்த்தும் வசதியை அணைத்துவிட வேண்டும். 240 வோல்ட் பக்கம் கை வைப்பது உரிமம் பெற்ற மின்பணியாளரின் வேலை.

எங்கே வைப்பது? 2022-இல் வெளியான ஆஸ்திரேலிய, நியூசிலாந்து கூட்டுத் தரநிலை, லித்தியம் பேட்டரி ஆட்கள் வசிக்கும் பகுதியிலிருந்து அடைத்துப் பிரிக்கப்பட்டு, வெளிப்பக்கம் காற்றுப் போக்கு உள்ளதாக இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே கட்டிலுக்கு அடியிலிருந்த பழைய இடம் அப்படியே பொருந்தாமல் போகலாம். இன்ஜின் அறையும் ஆகாது, வெப்பம் அதிகம். குளிரும் பகைதான். சுழியத்துக்குக் கீழே இந்த பேட்டரிக்கு மின்னேற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து கெட்டுவிடும். ஜூலை மாதத்தில் ஜிண்டபைன் பக்கம் பனி பார்க்கப் போகிறவர்கள், குளிரில் தானே மின்னேற்றத்தை நிறுத்தும் வசதி தங்கள் பேட்டரியில் உண்டா என்று வாங்கும்போதே கேட்க வேண்டும்.

இத்தனை செலவும் எல்லாருக்கும் தேவையா? தேவையில்லை. ஒவ்வோர் இரவும் மின்வசதியுள்ள கேரவன் பூங்காவில் தங்குகிறவருக்கு ஈய பேட்டரியே போதும், அந்தப் பணத்தில் இன்னும் கொஞ்ச தூரம் சுற்றலாம். காட்டோரம் மூன்று நான்கு நாள் மின்சாரமின்றித் தங்குகிறவருக்குத்தான் இது பயன்.

பொருத்தி முடித்ததும், பேட்டரி பாதி காலியாக இருக்கும்போது அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். பிறகு இன்ஜினை நிறுத்தி, ஃபியூஸ் பெட்டியையும் கம்பி முனைகளையும் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாமல் சுட்டால், அந்த முனை இறுக்கமாக இல்லை, அல்லது கம்பி சிறியது. அதைச் சரி செய்த பிறகுதான் நெடும்பயணம்.