சூதா, திறனா?



அமெரிக்க நாட்டின் நெவாடா மாநிலத்தில் லாஸ் வேகாஸ் என்றொரு நகரம் உண்டு. சூதாட்டத்தால் வளர்ந்து, சூதாட்டத்தாலேயே உலகறியப்பட்ட நகரம் அது. அந்நகரின் பெருஞ்சாலையில், வருவோரை வரவேற்கும் புகழ்பெற்ற பெயர்ப்பலகைக்கு அணித்தே, சூதாட்டத்திற்கு இடமில்லாத ஆட்டக்கூடம் ஒன்று 2021-இல் குடிபுகுந்தது. பின்பால் ஹால் ஆஃப் ஃபேம் என்பது அதன் பெயர். மிச்சிகன் மாநிலத்தில் ஆட்டக்கூடம் நடத்திப் பின்னர் லாஸ் வேகாஸில் குடியேறிய டிம் ஆர்னால்டு என்பவர், தாம் திரட்டிய பழைய இயந்திரங்களைக் கொண்டு 2006-இல் வேறோரிடத்தில் அதனைத் தொடங்கினார். இலாபம் கருதாத கூடம். செலவு போக எஞ்சுவது அறப்பணிக்கு.

உள்ளே செல்வோரை முதலில் எதிர்கொள்வது ஒலி. பழைய இயந்திரங்களின் வெண்கல மணியோசையும், புதியனவற்றின் மின்னணுக் கூச்சலும், எஃகு உருண்டை கண்ணாடியில் மோதும் 'டக்' என்ற ஓசையும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். 1950-களின் மரச்சட்டப் பெட்டி முதல் அண்மைக்கால இயந்திரம் வரை வரிசை வரிசையாக நிற்கும். இடையிடையே பழைய வீடியோ ஆட்டப் பெட்டிகளும் உண்டு. காட்சிக்கு வைத்த பொருளைத் தொடாதீர் என்று எழுதி வைப்பது அருங்காட்சியகங்களின் வழக்கம். இங்கோ கால் டாலர் நாணயத்தை இட்டுத் தொட்டால்தான் பொருள் உயிர்பெறும். இட்ட நாணயம் திரும்பி வராது. அருகிலுள்ள சூதாட்ட மாளிகைகள் பணத்தைப் பெருக்கித் தருவதாக ஆசை காட்டுகின்றன. இக்கூடம் அத்தகைய வாக்குறுதி எதையும் தருவதில்லை.

கவிஞர் அவையில் ஆட்டப்பெட்டிக்கு என்ன வேலை என்னும் வினா எழலாம். உவகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் ஒன்றாக விளையாட்டை வைத்தார் தொல்காப்பியர். வள்ளுவரோ சூதுக்குத் தனி அதிகாரம் வகுத்து, கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் இடையே அதனை நிறுத்தினார். உவகை தரும் விளையாட்டு எந்த இடத்தில் கடியத்தக்க சூதாகிறது? இவ்வினாவுக்கு விடை காண மாட்டாமல் அமெரிக்காவின் பெருநகரம் ஒன்று முப்பத்து நான்கு ஆண்டுகள் தடுமாறியது. ஒரு நல்ல வரி அமையும்போது, அது தானே வாய்த்ததா, தாம் வாய்க்கச் செய்ததா என்று திகைக்காத கவிஞர் இலர். ஆதலின் அத்தடுமாற்றம் இந்த அவைக்கு முற்றிலும் அயலான செய்தி அன்று.

இவ்வாட்டத்தின் மூதாதை பிரான்சு நாட்டில் 18-ஆம் நூற்றாண்டில் பரவிய பேகடெல் என்னும் பலகையாட்டம். சரிவான பலகை, அதில் அறைந்த ஆணிகள், இடையிடையே குழிகள், கோலால் தள்ளப்படும் பந்து, அவ்வளவே. தமிழ்நாட்டு வீடுகளிலும் ஆணியடித்த பலகையில் கோலிகளை உருட்டி ஆடும் சிறுவர்கள் இருந்தனர். அப்பலகை இதன் வழிவந்ததே. சின்சினாட்டி நகரில் வாழ்ந்த மாண்டேகு ரெட்கிரேவ் என்பவர் 1871-இல் கோலை நீக்கி, சுருள்வில் பொருத்திய உந்துகோலை வைத்துக் காப்புரிமை பெற்றார். இழுத்து விட்டால் உருண்டை மேலேறி, ஆணிகளில் தட்டுண்டு கீழிறங்கும். இழுப்பின் அளவு மட்டுமே ஆடுவோர் கையில். மற்றவை ஆணிகளின் கையில்.

1931-ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு விந்தையான ஆண்டு. நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டப்படி ஏற்றது அவ்வாண்டில்தான். சிகாகோ நகரில் டேவிட் காட்லீப் என்பார் 'பாஃபிள் பால்' என்ற மேசைப் பெட்டியைப் பதினேழரை டாலர் விலைக்கு விற்றதும் அதே ஆண்டில்தான். பெரும் பொருளாதார வீழ்ச்சியின் நடுவே, வேலையிழந்து நின்றவர்களுக்கு ஒரு சென்ட் காசில் சில நிமிட மகிழ்ச்சி கிடைத்தது. ஏறத்தாழ ஐம்பதாயிரம் பெட்டிகள் விற்றன. மதுக்கடை, மருந்துக்கடை, முடிதிருத்தகம் என எங்கும் அவை இடம்பிடித்தன. கடைக்காரர்கள் மிகுதியான புள்ளி எடுத்தவர்க்குப் பரிசு தரத் தொடங்கினர். பிறகு பணமே தரலாயினர். ஆட்டம் மெல்லச் சூதாயிற்று.

நியூயார்க் மேயர் லா கார்டியா 1942-இல் பின்பாலைத் தடை செய்தார். காவலர் கைப்பற்றிய பெட்டிகளைத் தாமே சம்மட்டி கொண்டு உடைத்து, படக்கருவிகளின் முன் நின்றார். இக்காட்சியை நினைத்து இன்று நகைப்போர் பலர். அந்நகைப்பு முறையானதன்று. 1942-இல் இருந்த பின்பாலைப் பொறுத்தவரை மேயரின் தீர்ப்பு பெரிதும் சரியே. உருண்டையை ஏவிய பின் ஆடுவோர் செய்யத்தக்கது ஏறத்தாழ ஒன்றுமில்லை. பகடையை உருட்டிவிட்டுக் காத்திருப்பதற்கும் இதற்கும் வேறுபாடு மிகச் சிறிதே. தாயக்கட்டையில்கூட விழுந்த எண்ணுக்கு எந்தக் காயை நகர்த்துவது என்னும் தேர்வு உண்டு. அந்தத் தேர்வுகூட இதில் இல்லை.

மேயர் பிழைபட்டது பிறிதோரிடத்தில். தாம் தடை செய்த பொருள் ஐந்தே ஆண்டில் வேறு பொருளாக மாறிவிட்டதை அவர் நகரின் சட்டம் கவனிக்கவில்லை. 1947-இல் காட்லீப் நிறுவனத்தின் ஹாரி மாப்ஸ் வடிவமைத்த 'ஹம்ப்டி டம்ப்டி' என்ற இயந்திரத்தில், பொத்தானை அழுத்தினால் மின்விசையால் அசையும் சிறு துடுப்புகள் ஆறு இடம்பெற்றன. பக்கத்திற்கு மூன்று, வெளிநோக்கித் திரும்பியவை, வலிமை குன்றியவை. எனினும் வீழும் உருண்டையை மீண்டும் மேலே அனுப்பும் உரிமை அன்று முதல் ஆடுவோர்க்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டே ஸ்டீவ் கோர்டெக் என்ற வடிவமைப்பாளர் ஜென்கோ நிறுவனத்தின் 'டிரிப்பிள் ஆக்‌ஷன்' இயந்திரத்தில் ஆறைக் குறைத்து இரண்டாக்கி, அவற்றை ஆடுதளத்தின் அடியில் வைத்தார். இன்றுவரை நிலைத்திருப்பது இந்த அடித்துடுப்பு இரண்டே. மிகுதியைக் களைந்தபோதுதான் வடிவம் அமைந்தது.

துடுப்பின் நுனியில் அடித்தால் உருண்டை ஒரு திசையில் பாயும். அடிப்பகுதியில் அடித்தால் வேறு திசையில் பாயும். உருண்டையின் எடை ஏறத்தாழ 80 கிராம். இக்கால இயந்திரங்களின் தளச்சரிவு ஆறரை பாகை அளவினது. ஒரு நொடியின் சிறு பின்னத்தில் எடுக்கும் முடிவு எல்லாவற்றையும் மாற்றிவிடும். தேர்ந்தவர் ஓடிவரும் உருண்டையைத் துடுப்பை உயர்த்திப் பிடித்துத் தொட்டிலில் இடுவதுபோல் நிறுத்திவைப்பார். மூச்சுவிட்டு, இலக்கைப் பார்த்து, பிறகு அடிப்பார். தேராதவர் இரு பொத்தானையும் ஒருசேர அழுத்திக்கொண்டே இருப்பார். இரு துடுப்புகளுக்கும் நடுவே உருண்டை நழுவிவிடும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. இலக்கணம் பயின்றோர் இதனை விரும்புவர். பெட்டியைக் கையால் மெல்ல அசைத்து உருண்டையின் போக்கைத் திருப்பலாம். அசைவு மிகுந்தால் 'டில்ட்' என்ற சொல் ஒளிரும்; துடுப்புகள் செயலிழக்கும்; உருண்டை வீணாகும். ஹாரி வில்லியம்ஸ் 1930-களில் கொண்டுவந்த ஏற்பாடு இது. பெட்டிக்குள், வளையம் ஒன்றன் நடுவே ஊசற்குண்டு தொங்கும். குண்டு வளையத்தைத் தொட்டால் ஆட்டம் பறிபோகும். ஆக, அசைக்கவே கூடாது என்பது விதியன்று. அளவோடு அசைக்கலாம் என்பதே விதி. வழு, வழாநிலை என்ற இரண்டோடு நில்லாமல் வழுவமைதி என்ற மூன்றாவதையும் தமிழ் இலக்கணம் வகுத்ததை ஈண்டு நினைக்கலாம். விதியை எவ்வளவு வளைத்தால் அது முறியாது என்பதைக் கையால் அறிந்தவரே இதில் வல்லவர்.

இத்துணையும் நிகழ்ந்த பின்னும் நியூயார்க்கின் தடை நீங்கவில்லை. இலவச ஆட்டம் தருவதும் பரிசே, பரிசு தருவது சூதே என்று பல ஊர்களின் சட்டங்கள் வாதிட்டன. அதற்கு விடையாக 1960-இல் இலவச ஆட்டத்திற்கு மாற்றாகக் கூடுதல் உருண்டை ஒன்றைத் தரும் இயந்திரத்தைக் காட்லீப் நிறுவனம் வெளியிட்டது. சட்டத்தின் நெருக்கடியிலிருந்தும் புதிய வடிவம் பிறக்கும் போலும்.

தடை நீங்கிய முறை ஓர் அரங்கேற்றத்தை ஒத்தது. 1976-இல் ரோஜர் ஷார்ப் என்ற இளம் எழுத்தாளர் நியூயார்க் நகரமன்றத்தார் முன் ஆடிக் காட்ட அழைக்கப்பட்டார். இயந்திரங்கள் இரண்டு அவைக்குக் கொண்டுவரப்பட்டன. பழுதானால் உதவ ஒன்று. முதல் இயந்திரத்தில் சூழ்ச்சி இருக்குமோ என்று ஐயுற்ற உறுப்பினர் ஒருவர், இரண்டாவதில் ஆடுமாறு பணித்தார். ஷார்ப் தம் திறனைச் சொற்களால் விளக்கிக்கொண்டே ஆடினார். இறுதியில் துணிவான செயல் ஒன்று செய்தார். அடுத்த உருண்டையை உந்துகோலால் ஏவும்போது அது மேலேயுள்ள நடு வழியே இறங்கும் என்று முன்கூட்டியே அறிவித்தார், இழுத்து விட்டார், சொன்னவாறே இறங்கியது. அவையோர்க்கு வேறு சான்று தேவைப்படவில்லை. தடை நீங்கிற்று.

அவையேறிய புலவரின் நூலைச் சங்கம் ஏற்றதாகச் சொல்லும் பழங்கதைகளோடு இதனை வைத்து எண்ணத் தோன்றும். ஆனால் இக்கதைக்கு ஒரு பின்னுரையும் உண்டு. அந்த ஓர் ஏவல் நல்லூழால் அமைந்தது என்று ஷார்ப்பே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். துடுப்பின் திறனை நிலைநாட்ட வந்தவர், துடுப்பே இல்லாத காலத்து உந்துகோலால், வாய்ப்பின் துணையோடு வென்றார்! திறன் உண்டு என்ற உண்மையை மெய்ப்பித்தது ஊழ். இதனால் அவர் வாதம் பொய்யாகிவிடாது. அந்த வழியைக் குறிவைத்து ஏவத் தெரியாத ஒருவர்க்கு அந்த ஊழும் கைகொடுத்திராது.

கூடத்தின் வீடியோ ஆட்டங்கள் இவ்வினாவின் மறுமுனையைக் காட்டுவன. டோரு இவாத்தானி வடிவமைத்து 1980-இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் வெளியிட்ட 'பேக்மேன்' ஆட்டத்தில் நான்கு பேய்கள் துரத்தும். அவை மனம்போனபடி திரிவதாகவே புதியவர்க்குத் தோன்றும். உண்மை வேறு. சிவப்புப் பேய் நேரே பின்தொடரும்; இளஞ்சிவப்புப் பேய் ஓடுபவன் செல்லவிருக்கும் இடத்தை முன்கூட்டி நோக்கும்; ஆரஞ்சுப் பேய் அருகில் வந்ததும் விலகிப் போகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம், குணத்திற்கு ஒரு விதி. ஒரே வகையாக நகர்ந்தால் பேய்களும் ஒரே வகையாகவே நகரும். இதனைக் கண்டுகொண்டவர்கள் வழித்தடங்களை மனப்பாடம் செய்தனர். அவற்றை அச்சிட்ட நூல்களும் விற்பனைக்கு வந்தன. பிழையின்றி ஆடினால் கிடைக்கும் உச்ச எண்ணும் அறுதியானது: 33,33,360. நிலைகளை எண்ணும் கணக்கு 255-க்கு மேல் செல்ல மாட்டாமையால், 256-ஆம் நிலையில் திரையின் வலப்பாதி எழுத்துக் குப்பையாகிவிடும். அதற்கப்பால் ஆட்டம் இல்லை. இங்கே ஊழுக்கு இடமே இல்லை. யாப்பை முழுதும் கற்றுத் தளை தட்டாமல் எழுதிக் குவிக்கும் செய்யுளை ஒத்தது இது. வியப்பு உண்டு, எதிர்பாராமை இல்லை.

அடுத்து நிகழ்ந்ததே சுவையானது. 1982-இல் வந்த 'மிஸ் பேக்மேன்' ஆட்டத்தை உருவாக்கிய அமெரிக்க இளைஞர்கள், பேய்களின் இயக்கத்தில் வேண்டுமென்றே சிறிது தற்செயலைக் கலந்தனர். மனப்பாடத் தடங்கள் பயனற்றுப் போயின. ஆட்டத்தில் வாய்ப்புக்கு இடமிருப்பதாகக் கூறிச் சம்மட்டி எடுத்தார் ஒருவர். வாய்ப்பு போதவில்லை என்று அதனைத் தேடிக் கொண்டுவந்து சேர்த்தனர் இவர்கள். இரண்டுக்கும் இடையே நாற்பதே ஆண்டுகள்.

பின்பால் இயந்திரத்திற்கு இவ்வாறு எதையும் கலக்க வேண்டியதில்லை. ரப்பர் வளையம் நாள்தோறும் இறுகும், தளத்தின் மெழுகு தேயும், சுருள்வில் தளரும். நேற்று ஏறிய சரிவில் இன்று உருண்டை ஏறாது. அதனால்தான் இத்தகைய கூடங்களில் மூடி திறந்த இயந்திரத்தின்மீது குனிந்து, பற்றவைக்கும் கோலோடு நிற்கும் ஒருவரை எப்போதும் காணலாம். வீடியோ பெட்டிகளுக்கு வேண்டிய படக்குழாய்களின் உற்பத்தி நின்றுவிட்டது. பழுதானதன் உறுப்பைக் கழற்றியே மற்றொன்று காப்பாற்றப்படுகிறது. ஆடினால் தேயும், ஆடாவிட்டால் துருவேறும் என்ற நிலையில், தேய்வதையே தேர்ந்த கூடங்கள் இவை. கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் பூட்டுவதைவிட அதுவே மேல் என்பதில் ஐயமில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். பழைய பின்பால் இயந்திரங்கள் பலவற்றில், கடைசி உருண்டையும் விழுந்து எல்லாம் முடிந்த பின், பின்பலகையில் ஓர் எண் ஒளிரும். ஆடியவர் எடுத்த புள்ளியின் இறுதி எண்ணோடு அது ஒத்திருந்தால் இன்னோர் ஆட்டம் இலவசம். பத்து எண்களுள் ஒன்று. எத்திறனும் இதற்கு உதவாது. வென்றவர்க்கும் தோற்றவர்க்கும் ஒரே அளவு வாய்ப்பு. எண் பொருந்திவிட்டால், பெட்டிக்குள்ளிருந்து மரத்தில் சுத்தியால் அறைந்தாற்போல் 'டொக்' என்று ஓர் ஒலி கேட்கும். கை உதறி நகர்ந்தவர் அவ்வொலி கேட்டுத் திரும்பி வருவார்.