மணிக்கட்டில் ஒரு பட்டை

எனக்கு முன் பேசியவர்கள் பெரிய விஷயங்களைப் பேசினார்கள். நான் பேசப்போவது கையில் மாட்டும் ஒரு பட்டையைப் பற்றி. எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் போர்டைத் தொடுமுன் மாட்டுகிறோமே, ரிஸ்ட் ஸ்ட்ராப், அதுதான். பார்க்கக் காப்பு மாதிரி இருக்கும்; அதிலிருந்து சுருள் ஒயர் எர்த்துக்குப் போகும். உடம்பில் சேரும் நிலைமின்சாரம் அந்த வழியே இறங்கிவிடும். நமக்குச் சுள்ளென்று உறைக்க ஏறக்குறைய 3000 வோல்ட் வேண்டும். சில ஐ.சி.களுக்கு 100 வோல்ட்டே அதிகம். உடனே சாகாமல், கஸ்டமரிடம் போய்ப் படுப்பதும் உண்டு. ஒயரில் 1 மெகா ஓம் ரெசிஸ்டர் எதற்கு என்று வைவாவில் கேட்டால் முழிக்காதீர்கள்: தவறிப்போய் 230 வோல்ட்டில் கை பட்டாலும் அந்த வழியே கால் மில்லி ஆம்பியர்கூடப் போகாது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. எங்கள் லைனில் ஒரு மேஜையின் போர்டுகள் மட்டும் அடிக்கடி திரும்பி வந்தன. அங்கே டிப்ளமோ முடித்த ஒரு பெண். "ஸ்ட்ராப் போடுறதே இல்லையாம்மா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். "டெய்லி போடுறேன் சார்" என்றாள். காலை டெஸ்டர் பதிவைப் பார்த்தால் எல்லா நாளும் பாஸ்! பொய்க் கணக்கு என்றே நினைத்தேன்.

மறுநாள் பக்கத்தில் நின்று பார்த்தேன். மெலிந்த கை. கம்பெனி வாங்கியதோ ஒரே அளவுப் பட்டை, எலாஸ்டிக்கும் தொய்ந்து போயிருந்தது. டெஸ்டரில் மறு கையால் அழுத்திப் பிடித்தால்தான் பச்சை விளக்கு எரியும். வேலையில் கையைத் திருப்பினால் உள்தகடு தோலை விட்டு எழும்பிவிடும்.

"ஏம்மா சொல்லலை?"

"சூப்பர்வைசர்கிட்ட சொன்னேன் சார். எல்லாருக்கும் இதுதான்னாரு."

பக்கிளை இழுத்து நானே இறுக்கிக் கொடுத்தேன். அதிலும் என் மேதாவித்தனம்! மதியத்துக்குள் கை சிவந்து, தடம் விழுந்து, அவளே தளர்த்திக்கொண்டாள். தகடு தோலில் படிய வேண்டும், எட்டு மணி நேரம் உறுத்தவும் கூடாது. உறுத்துகிற பட்டையை யாரும் அப்படியே விட்டுவைப்பதில்லை. கடைசியில் சின்ன அளவு தனியாக வரவழைத்தோம். அப்புறம் அந்த மேஜை போர்டுகள் திரும்பி வருவது நின்றது.

நான் குற்றம் சொன்னது எல்லோர் முன்னாலும். மன்னிப்புக் கேட்டது மட்டும் கேன்டீனில், யாரும் இல்லாதபோது. "பரவாயில்லை சார்" என்றாள், முகத்தைப் பார்க்காமல்.