காட்டை நாடிச் சென்ற இருப்புப் பாதை

இருப்புப் பாதையென்றதும் மக்களை ஏற்றிச் செல்லும் புகையிரதமே நினைவுக்கு வரும். மரங்களுக்காகவே அமைந்த பாதைகளும் உண்டு. தென்னிந்தியாவின் பழைய கொச்சி இராச்சியத்தில் ஓடிய வனத் திராம்வே அவற்றுள் ஒன்றாகும்.

மேற்குத் தொடர்ச்சி மலையிலுள்ள பரம்பிக்குளத்துக் காடுகளில் தேக்கும் ஈட்டியும் செழித்து வளர்ந்திருந்தன. அச்செல்வத்தைச் சமவெளிக்கு இறக்குவதுதான் அரிதாயிருந்தது. யானைகள் மரங்களைச் சிறிது தூரம் இழுக்கும். மலை கடந்து இழுத்துவர இயலாது. ஆற்றில் மிதக்கவிடலாமெனின், சாலக்குடி ஆறு அதிரப்பள்ளியில் ஏறத்தாழ 80 அடி உயரத்திலிருந்து வீழ்கின்றது. 1902ஆம் ஆண்டில் சொர்ணூருக்கும் கொச்சிக்கும் இடையே புகையிரதம் ஓடத் தொடங்கிற்று. அப்பாதையிலுள்ள சாலக்குடி வரை மரத்தைக் கொணர்ந்துவிட்டால், துறைமுகம் எட்டிவிடும்.

ராம வர்மா மகாராசாவின் ஆட்சியில், 1907ஆம் ஆண்டில், வனத் திராம்வே இயங்கத் தொடங்கிற்று. அதன் நீளம் ஏறத்தாழ 50 மைல். தண்டவாளங்களின் இடையகலம் ஒரு மீற்றர். நீராவி இயந்திரங்கள் ஜேர்மனியிலிருந்து வந்தன.

சமதரையில் அவ்வியந்திரங்கள் வண்டிகளை இழுத்தன. செங்குத்தான சரிவுகளில் அவற்றுக்கு வேலையில்லை. கிணற்றுக் கப்பியில் ஒரு வாளி இறங்க மற்றொன்று ஏறுவதுபோல, மரமேற்றிய வண்டி தன் பாரத்தால் கீழிறங்க, கம்பிவடத்தின் மறுமுனையிற் பிணைத்த வெற்று வண்டி மேலேறிற்று. இறங்கும் மரமே அடுத்த மரத்துக்கான வண்டியை மேலே அனுப்பிவைத்தது.

நுட்பம் வியப்புக்குரியதே. எனினும் இறங்கிய மரத்துக்குக் கணக்கெழுதியவர்கள், அம்மரம் வளர்ந்த காலத்தை எந்த ஏட்டிற் குறிப்பார்கள்? தேக்கு முதிரப் பல பத்தாண்டுகள் வேண்டும். அது மலையிறங்கச் சில நாட்களே போதும். காலப்போக்கில் லொறிகள் ஓடும் வீதிகளும் தோன்றின. 1963ஆம் ஆண்டில் திராம்வே மூடப்பட்டது.

பரம்பிக்குளம் 2010ஆம் ஆண்டு முதல் புலிகள் காப்பகமாக விளங்குகின்றது. அங்கே 20 அடிக்கு மேற்பட்ட சுற்றளவுடன் கன்னிமரா என்னும் பழந்தேக்கு நிற்கின்றது. அதனை வெட்ட முற்பட்டபோது குருதி கசிந்ததென்பது மலைவாழ் மக்களின் ஐதீகம். தண்டவாளம் அகன்றது, அவர்கள் வணங்கிய மரம் நிலைத்தது. காட்டிலிருந்து எடுப்பதற்கும் ஓர் எல்லை உண்டென்பதை, எந்த ஏட்டையும்விட அம்மரம் தெளிவாக உணர்த்துகின்றது.