கிணற்றுக்கு வழக்காடுகிறோம், குளத்துக்கு யார் வழக்காடுவார்?

(கமக்காரர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



யாழ்ப்பாணத்துத் தோட்டக்காணி உறுதிகளைப் புரட்டினால், பரப்புக் கணக்கை அடுத்துக் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுதப்பட்டிருக்கக் காணலாம். அப்பங்கில் இம்மியும் குறையாதிருக்க ஆண்டுக்கணக்காய் வழக்காடும் மக்கள் நாம். ஆனால், அக்கிணற்றுக்கு நீரூட்டும் குளத்துக்காக நம்முள் எத்தனை பேர் நீதிமன்றப் படியேறினோம்?

நமது குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. அராலியிற் கடலேரியை அடையும் வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடுவது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழை, சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. அதுவே நமது நன்னீர்ச் செல்வம். அளவுக்கு மேல் இறைத்தாலும் உவர் எழும். இறங்கவேண்டிய மழையைத் தடுத்தாலும் உவர் எழும்.

நம் முன்னோர் ஊர்தோறும் குளமும் கேணியும் வெட்டினர். வெள்ளவாய்க்காலுக்கு வழி விட்டனர். கோடையிற் குளத்து மண்ணை வாரி வயலுக்கு இட்டனர். துலாவினால் இறைத்தமையால், ஊறுவதற்குக் கிணறும் ஓய்வு பெற்றது.

பின்னர் நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. வெங்காயமும் மிளகாயும் பெருகின. செயற்கை உரமும் உடன் பெருகிற்று. இன்று தோட்டக் கிணறுகள் பலவற்றில், குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையை நைத்திரேற்று தாண்டிவிட்டது. காங்கேசன்துறையில் 1950இல் நிறுவப்பெற்ற சீமெந்து ஆலைக்காகக் கல்லகழ்ந்த பள்ளங்கள், 1990இல் ஆலை நின்ற பின்னும் ஆறாத வடுக்களாயின. உவரைத் தடுக்கத் தொண்டைமானாற்றில் 1953இல் அமைந்த அணையின் பலகைக் கதவுகள் இற்றுப்போக, நெடுங்காலம் கடல்நீர் உட்புகுந்தது.

அரசினரின் அசட்டையைக் கண்டித்தோம்; இனியும் கண்டிப்போம். ஆயின், குளத்திற் குப்பை கொட்டிய கை எவருடையது? வெள்ளவாய்க்காலுக்குக் குறுக்கே மதில் எழுப்பியவர் எந்த நாட்டவர்? தாழ்ந்த வயலை மண்ணிட்டு நிரவிப் பரப்புப் பரப்பாக விற்றவர் யார்? அவ்விற்பனைக்கு உறுதி முடித்துக் கொடுத்தவர்கள் சட்டத் தொழில் புரியும் நாமல்லவா? தூர்ந்த குளத்தில் மாடு நீரின்றித் திரும்புகின்றது. கொக்கும் நாரையும் வேறிடம் தேடுகின்றன. அவற்றுக்குப் பெற்றோலை எழுதத் தெரியாது, நமக்குத் தெரியும்.

மண்ணின்மீது உரிமை கோரும் மக்கள், அதனைக் காக்கும் கடனையும் ஏற்றல் வேண்டும். நிலம் நமது கையில் இருந்தும் நீர் உவராய்ப் போகுமாயின், வென்ற உரிமையால் எதனை விளைவிப்போம்?

சட்டம் நமக்குத் துணை நிற்கின்றது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதியின்றி நெற்காணியை நிரப்புதல் குற்றமாகும். ஆயினும் முறைப்பாடு செய்வாரும் சாட்சி சொல்வாரும் இன்றேல், எச்சட்டமும் ஏட்டிலேயே உறங்கும்.

ஆகவே, அடுத்த மாரிக்கு முன் ஒவ்வோர் ஊரிலும் குளங்களையும் வெள்ளவாய்க்கால்களையும் எண்ணுவோம், அவற்றின் எல்லைகளைக் குறித்து வைப்போம், தூர்ந்தவற்றை அகழ்வோம். அயலவரேயாயினும், உறவினரேயாயினும், நிரப்புவோரைத் தடுக்கக் கமக்காரர் சாட்சி சொல்ல முன்வருக. கூலியின்றி வழக்குரைக்கச் சட்டத்தரணிகளாகிய நாம் முன்வருவோம். நம் பிள்ளைகளுக்கு நாம் எழுதும் உறுதியிற் கிணற்றுப் பங்கு இருந்தாற் போதாது. அக்கிணற்றில் நன்னீரும் இருத்தல் வேண்டும்.