சாரீரமும் சாகித்யமும்

பாட்டு இயற்றுகிறவருக்குக் குரல் நன்றாக இருக்க வேண்டுமா? சென்ற பருவத்தில் தில்லியில் ஒரு கச்சேரி முடிந்து வெளியே வரும்போது நண்பர் ஒருவர் இந்தக் கேள்வியை எழுப்பினார். எழுப்பியதோடு நில்லாமல் விடையையும் அவரே சொல்லிவிட்டார். “பல்லக்குச் செய்கிற தச்சன் அதில் ஏறி ஊர்வலம் வரவேண்டுமா என்ன? எழுதுகிறவர் எழுதட்டும், பாடுகிறவர் பாடட்டும்” என்றார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆயினும் வீடு வந்து சேர்ந்த பின்னும் என் மனம் அதில் நிலைகொள்ளவில்லை.

நம் நாட்டில் இக்கேள்வி புதியதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தேவகிரியை ஆண்ட யாதவ மன்னன் சிங்கணனின் ஆட்சியில் கணக்குத் துறை அதிகாரியாக இருந்தவர் சார்ங்கதேவர். அவர் இயற்றிய ‘சங்கீத ரத்னாகரம்’ நம் இசைக்கு ஆதார நூல்களுள் ஒன்று. (கோப்புகளுக்கிடையே காலம் கழிக்கும் என் போன்ற அரசாங்க ஊழியருக்கு இச்செய்தி எவ்வளவு ஆறுதல் அளிக்கிறது என்பதைச் சொல்லத் தேவையில்லை!) சொல்லையும் இசையையும் ஒருங்கே படைப்பவரை அந்நூல் வாக்கேயகாரர் என்கிறது. வாக்கு என்பது சொல், கேயம் என்பது பாடப்படுவது. அவருக்கு வேண்டிய தகுதிகளை ஆசிரியர் அடுக்கிக்கொண்டே போகிறார்: இலக்கணப் பயிற்சி, நிகண்டுப் பயிற்சி, யாப்பறிவு, அணியறிவு, ரசங்களின் அறிவு, லயம், தாளம் என்று பட்டியல் நீளுகிறது. அப்பட்டியலின் நடுவே, மனத்துக்கு இனிய சாரீரமும் வேண்டும் என்று ஒரு நிபந்தனை வருகிறது.

அப்படியானால் நண்பரின் வாதம் தோற்றதா? அவசரப்பட வேண்டாம். சாரீரம் என்றால் என்ன என்பதையும் சார்ங்கதேவரே வேறோரிடத்தில் விளக்கியிருக்கிறார். அப்பியாசம் இல்லாத நிலையிலும் ராகத்தை வெளிப்படுத்தவல்ல ஆற்றல் குரலுக்கு இருக்குமானால் அதுவே சாரீரம். உடலாகிய சரீரத்தோடு உடன் பிறந்ததால் அதற்கு அப்பெயர் என்கிறார். இனிமை, கம்பீரம், மென்மை முதலியவற்றை அதற்குப் பின்னரே நல்ல சாரீரத்தின் குணங்களாகக் கூறுகிறார். எனவே முதலாவது வெளிப்படுத்தும் ஆற்றல், இனிமை அதன்மேல் வருவது. இந்த வரிசைமுறையில் ஒரு பெரிய உண்மை ஒளிந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

இதைச் சோதித்துப் பார்க்க நம் காலத்து அமெரிக்கப் பாடலாசிரியர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பாப் டிலன் 1941-இல் மின்னசோட்டா மாநிலத்தில் பிறந்தவர். இரும்புச் சுரங்கங்கள் சூழ்ந்த ஹிப்பிங் என்னும் ஊரில் வளர்ந்தவர். 1961 ஜனவரியில், இருபது வயது நிரம்புமுன், கிடாரோடு நியூயார்க் வந்து சேர்ந்தார். அவருடைய குரல் மூக்கால் வருவது, கரகரப்பானது, சுருதியின் ஓரத்திலேயே நடப்பது. அதே ஆண்டு செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் அவரை உலகுக்கு அறிமுகம் செய்து பாராட்டி எழுதிய விமர்சகர்கூட, அது அழகிய குரல் அன்று என்பதை ஒளிக்கவில்லை. ஜான் ஹாமண்ட் என்பவர் அவரைக் கொலம்பியா இசைத்தட்டுக் கம்பெனிக்கு அழைத்துச் சென்றார். 1962-இல் வெளியான முதல் இசைத்தட்டு நன்றாக விலைபோகவில்லை. கம்பெனியில் இருந்தவர்கள் அந்த இளைஞரை ‘ஹாமண்டின் அசட்டுத்தனம்’ என்று கேலி செய்தார்களாம்.

பிறகு நிகழ்ந்ததுதான் கவனிக்கத்தக்கது. டிலன் எழுதிய ‘புளோயிங் இன் த விண்ட்’ என்ற பாட்டை பீட்டர், பால், மேரி என்ற மூவர் 1963-இல் தேனொழுகப் பாடி நாடெங்கும் பரப்பினார்கள். அவ்வாண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் வாஷிங்டனில் கறுப்பின மக்களின் உரிமைக்காகக் கூடிய பெருங்கூட்டத்திலும் அம்மூவர் அதைப் பாடினார்கள். ஈராண்டுகள் கழித்து ‘பேர்ட்ஸ்’ என்ற குழுவினர் அவருடைய வேறொரு பாட்டைப் பாடி அமெரிக்க விற்பனை வரிசையில் முதலிடம் பெற்றார்கள். 1968-இல் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் மற்றொரு பாட்டைத் தம் மின்சாரக் கிடாரில் உருமாற்றிப் பாடியபோது, டிலனே பிற்காலத்து மேடைகளில் அந்த வழியைத் தழுவிக்கொண்டார். இவற்றைக் கேட்டால் நண்பர், “பார்த்தீரா, எழுதியவர் ஒருவர், பாடிப் புகழ் சேர்த்தவர் வேறொருவர்” என்பார்.

ஆனால் அவர்கள் எல்லோரும் எதைக் கேட்டுப் பாடினார்கள்? வெள்ளைத் தாளில் அச்சிட்ட சொற்களையா? அந்தக் கரகரத்த குரலையல்லவா முதலில் கேட்டார்கள்! எந்தச் சொல்லை விரைந்து கடக்க வேண்டும், எதன்மேல் நிற்க வேண்டும், வினா எந்த அசையில் கூர்மை கொள்கிறது, எங்கே மௌனம் வேண்டும் என்பனவெல்லாம் அக்குரலில் முன்பே தீர்மானமாகியிருந்தன. டிலனின் மெட்டுகள் பெரும்பாலும் எளியவை. சில பழைய நாட்டுப் பாடல்களிலிருந்து எடுத்தவை. ‘புளோயிங் இன் த விண்ட்’ மெட்டுக்கும் அடிமைக்காலத்துக் கறுப்பின மக்களின் பழம்பாட்டு ஒன்றே மூலம். மெட்டு எளிதாக இருக்கும்போது பாட்டின் உயிர் சொல்லை அழுத்தும் விதத்தில் இருக்கிறது. அதைக் காட்டக்கூடியவர் இயற்றியவர் ஒருவரே.

மற்றொரு செய்தியும் உண்டு. 1969-இல் வெளிவந்த ‘நாஷ்வில் ஸ்கைலைன்’ என்னும் இசைத்தட்டில் டிலன் வழவழப்பான மென்குரலில் பாடினார். கேட்டவர்கள் இது அவர்தாமா என்று திகைத்தார்கள். ஆக, கரகரப்பு முழுவதும் இயலாமை அன்று. ஓரளவுக்கேனும் அவர் தேர்ந்துகொண்ட கருவி. அந்த மென்குரல் இசைத்தட்டு எனக்குப் பிடிக்கும். ஆனால் மறுபடி மறுபடி கேட்கத் தோன்றுவது பழைய குரலைத்தான்.

2016-இல் அவருக்கு இலக்கியத்துக்கான நோபல் பரிசு அளிக்கப்பட்டது. டிசம்பர் 10 அன்று ஸ்டாக்ஹோமில் நடந்த விழாவுக்கு அவர் செல்லவில்லை. அவருடைய நீண்ட பாட்டொன்றைப் பாட்டி ஸ்மித் அம்மையார் பாடினார். நடுவில் சொல் மறந்து நின்றார். பதற்றத்துக்கு மன்னிப்புக் கேட்டு மீண்டும் தொடங்கினார். அரசர் முதலானோர் அமர்ந்திருந்த அவையில் அந்தத் தடுமாற்றம் பாட்டைக் கெடுக்கவில்லை.

வங்கத்திலிருந்து ஒரு சான்றும் சொல்ல வேண்டும். இரவீந்திரநாத தாகூர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களை இயற்றியவர். இளமையில் அவர் குரலைப் புகழாதவர் இல்லை. முதுமையில் பதிவான இசைத்தட்டுகளிலோ அது மெலிந்து, உச்சத்தில் நடுங்குகிறது. தாம் அமைத்த மெட்டைத் தாமே மறந்துவிடும் வழக்கமும் அவருக்கு இருந்தது. தமையனாரின் பேரரான தினேந்திரநாதர் பக்கத்திலிருந்து உடனுக்குடன் கற்றுச் சுரப்படுத்தி வைத்திராவிட்டால் எத்தனையோ பாட்டுகளின் மெட்டு காற்றோடு போயிருக்கும். அவரைத் தம் பாடல்களின் கருவூலக் காவலர் என்று கவி பாராட்டியதில் மிகையில்லை. மெலிந்த குரலானாலும் அவர் பாடினார், மற்றவர் வாங்கிக்கொண்டார். இந்த வாங்கிக்கொள்ளும் செவி இல்லையென்றால் என்ன ஆகும்?

என்ன ஆகும் என்பதை நான் எங்கள் வீட்டிலேயே கண்டேன். என் பெரியம்மா கரோல் பாகில் குடியிருந்தார்; பாட்டு இயற்றுவார். நவராத்திரிக் கொலுவுக்கு வந்தவர்கள் பாடச் சொன்னால் தாம் புனைந்த புதிய பாட்டைப் பாடுவார். குரல் கட்டைக் குரல், மேல்ஸ்தாயியில் உடையும். ஓராண்டு, வந்திருந்த ஓர் அம்மாள், “மாமி, நீங்கள் எழுதிக் கொடுங்கள், குழந்தை பாடட்டும்” என்று இனிமையாகவே சொன்னார். தீய எண்ணம் ஒன்றும் இல்லை. குழந்தையும் வேறொரு மெட்டில் நன்றாகவே பாடினாள். அதற்குப் பிறகு பெரியம்மா பிறர் முன்னிலையில் பாடவில்லை. சமையலறையில் முணுமுணுப்பதோடு சரி. அப்போது எங்கள் வீட்டில் ஒலிநாடாக் கருவி இருந்தது. திருமண நாகசுரத்தை அதில் மூன்று நாடாக்களில் பதிந்து வைத்திருந்தோம். அவர் குரலைப் பதியவேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

1998-இல் அவர் காலமானார். நாற்பத்திரண்டு பாட்டுகள் உள்ள நோட்டுப்புத்தகம் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஒவ்வொன்றின் தலைப்பிலும் ராகமும் தாளமும் உண்டு, சுரக்குறிப்பு இல்லை. ஆனந்தபைரவியில் அமைந்த ஒரு பாட்டில் இரண்டாம் அடியின் பக்கத்தில் பென்சிலால், ‘இங்கே நிறுத்தி, பிறகு’ என்று எழுதியிருக்கிறார். பிறகு என்ன என்பது எழுதப்படவில்லை.

ஈராண்டுகளுக்கு முன் நன்கு தேர்ந்த பாடகி ஒருவரிடம் அந்தப் பாட்டைக் கொடுத்தேன். ராகம் பிசகாமல் மெட்டமைத்து, எங்கள் கூடத்தில் உட்கார்ந்து உருக்கமாகப் பாடினார். கேட்டவர்கள் கண்கலங்கினார்கள். என் தாயார் மட்டும் இறுதிவரை தலையசைக்காமல் இருந்தார். பாடகி சென்ற பிறகு என்னிடம், “நன்றாகத்தான் பாடினாள். ஆனால் அக்கா பாடியது இப்படி இல்லை” என்றார். எப்படி இருந்தது என்று கேட்டேன். பாடிக்காட்ட முயன்று, முதல் அடியோடு நிறுத்திக்கொண்டார்.