கடன் கொடுப்பவர் எதை நம்புகிறார்?

(உடுவில் கூட்டத்தில் எமது சங்க அமைப்பாளர் ஆற்றிய உரை)



மலையகத்திலிருந்து இரவு பஸ் ஏறி வந்திருக்கிறோம். வெங்காயம் நட்ட செம்மண்ணை நீங்கள் தோட்டம் என்கிறீர்கள். நாங்கள் கொழுந்து பறிக்கும் இடமும் தோட்டம்தான். ஆனால் உங்கள் தோட்டத்துக்கு உங்கள் பெயரில் உறுதி இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக நாங்கள் குடியிருக்கும் லயக் காம்பிராவுக்கு எங்களில் பெரும்பாலானோரிடம் உறுதி இல்லை. கடன் கேட்கப் போகும் நாளில் இந்த வித்தியாசம் முன்னால் வந்து நிற்கும்.

கடன் கொடுப்பவர் யாராக இருந்தாலும் மூன்று விஷயம் பார்ப்பார். இவரால் கட்ட முடியுமா? இதற்கு முன் ஒழுங்காகக் கட்டியவரா? கட்டாவிட்டால் எதைப் பிடிப்பது? முதலாவதுக்குச் சம்பளச் சீட்டு. இரண்டாவதுக்கு, 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த கொடுகடன் தகவல் பணியகத்தின் பதிவு. நாம் 'கிறிப்' என்கிறோமே, அதுதான். மூன்றாவதுக்கு நகை, காணி, பிணையாளி.

யாழ்ப்பாணத்தில் தேசவழமைப்படி ஒற்றி உண்டு. கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகக் காணியின் விளைச்சலை எடுப்பார். முதலைக் கொடுத்தால் காணி திரும்பும். அங்கே நம்பிக்கை மண்ணின் மேல்.

எங்கள் பாட்டன்மாருக்கு மண் இல்லை. அதனால் ஆளையே ஈடாகப் பிடித்தார்கள். கங்காணியின் ஆட்கள் எவ்வளவு கடன் என்று ஒரு துண்டில் எழுதப்படும். அந்தக் கடனைக் கட்டும் தோட்டத்துக்கே ஆட்கள் போகலாம். 1921இல்தான் சட்டம் அந்தத் துண்டை ஒழித்தது.

இன்று நுண்கடன்காரர் காணியும் கேட்பதில்லை, நகையும் கேட்பதில்லை. பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஒருவருக்கொருவர் பிணை வைக்கிறார்கள். ஒருத்தி தவறினால் மற்றவர்கள் கட்டவேண்டும். கொடுப்பவரின் பயம் அக்கம்பக்கத்துப் பெண்களின் தலையில் இறங்குகிறது. பள்ளிக்கூடத்தில் நாங்கள் இதைக் கண்ணால் பார்க்கிறோம். தவணைக்காரர் வரும் நாளில் சில பிள்ளைகள் வகுப்பில் இருக்காது. "அம்மா வீட்டில இல்ல" என்று சொல்வதற்காக லயத்து வாசலில் நிற்கும்.

வட்டிக் கணக்கையும் பார்ப்போம். 50,000 ரூபாய் வாங்கி, மாதம் 5,000 வீதம் 12 மாதம் கட்டினால் 60,000. "வட்டி 20 வீதம்தானே" என்பார்கள். மாதாமாதம் முதல் குறைந்துகொண்டே போகிறது. வட்டியோ முழு 50,000க்கும் போடப்பட்டிருக்கிறது. சரியாகப் பார்த்தால் ஆண்டுக்கு 35 வீதம். 2018இல் இலங்கைக்கு வந்த ஐ.நா. நிபுணர் பொஹோஸ்லாவ்ஸ்கி, 220 வீதம் வரை போன வட்டியைப் பற்றிச் சொன்னார். அதே ஆண்டில் அரசாங்கம், வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற 1 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடனுக்கு நிவாரணம் அறிவித்தது. வடக்கும் அதில் இருந்தது.

"ஆபத்து கூட, அதனால் வட்டி கூட" என்கிறார்கள். வட்டி கூடினால் தவணை கூடும். தவணை கூடினால் தவறுவதும் கூடும். பிறகு, "பார்த்தீர்களா, இவர்களை நம்ப முடியாது" என்கிறார்கள்!

நம்மை நம்ப முடியாதா? தோட்டத்து மரண உதவிச் சங்கத்துக்கு மாதாமாதம் காசு கட்டுகிறவர்கள் யார்? ஒருவரையொருவர் அறிந்தவர்கள் தங்கள் சேமிப்பைத் தங்களுக்குள் கடனாகக் கொடுப்பதுதான் கூட்டுறவுக் கடன் சங்கம். 1911 முதல் இந்த நாட்டில் அதற்குச் சட்டம் உண்டு. அங்கும் ஆளைப் பார்த்தே கடன் கொடுப்பார்கள். ஆனால் பார்ப்பவர் நம்மில் ஒருவர். வட்டியும் நம் சங்கத்துக்கே வரும்.

ஆகவே நாம் செய்யவேண்டியவை: கையெழுத்துப் போடுமுன் மொத்தம் எவ்வளவு கட்டவேண்டும் என்று எழுத்தில் கேட்போம். பிணைக் கையெழுத்து என்றால் அந்தக் கடன் நமதும்தான் என்று நினைத்துப் போடுவோம். ஒவ்வொரு தவணைக்கும் பற்றுச்சீட்டு வாங்கி வைப்போம். கிறிப்பில் நம் பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பெறும் உரிமை நமக்கு உண்டு. வாசிக்கத் தெரியாதவர் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வாருங்கள், நாங்கள் வாசித்துச் சொல்வோம். தவணை தவறியவளைத் திட்டாமல் சங்கத்துக்குக் கூட்டி வருவோம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, காணிக்கு உறுதி கேட்போம். கடன் வாங்குவதற்கு மட்டுமல்ல, யாருக்கும் பயந்து பிள்ளையை வாசலில் நிறுத்தாமல் வாழ்வதற்கும் அது வேண்டும்.